ஆரஞ்சு நிறக் காலைகள்

காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். மர மில்லின் முதல் சைரன் ஊதி ஓய்ந்திருந்தது. இரண்டாவது சைரன் ஏழு மணிக்கு. அதற்குள் டைம் ஆபீஸில் என் கையெழுத்து விழ வேண்டும். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் காந்திமதி தரையில் கோதுமைக் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து கரண்டியை எடுக்கப் பார்த்தாள். இரண்டு தடவை அது கையிலிருந்து நழுவியது. மூன்றாவது தடவை அவள் கரண்டியைத் தேடவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "யப்பா, ஏன் இருட்டா இருக்கு?" என்று கேட்டாள்.

அந்தமானில் எங்கள் லாங் ஐலண்ட் தீவில் அந்த நேரத்துக்கு வெயில் முதுகைச் சுடும்.

"ஏட்டி, விளையாடாம சாப்பிடு. சைரன் ஊதிடும்" என்றேன்.

அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். கிண்ணம் கவிழ்ந்து கஞ்சி அவள் பாவாடையில் ஓடியது. அவள் கையை எடுக்கவில்லை.

காந்திமதி உயிரோடு இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்களைக் கடைசி வரை பயமுறுத்தி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஒன்பது நாள் நான் பட்டது போதும். சர்க்கரை நோயுள்ள பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உதவும், எழுதுங்கள் என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று சொல்வார்களே, அதெல்லாம் எனக்கு நடக்கவில்லை.

அவளுக்குப் பதினான்கு வயது. முந்தின வருடக் கடைசியில் ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு உருகியது. பள்ளிக்கூடத்தில் பாடத்துக்கு நடுவே எழுந்து எழுந்து வெளியே ஓடினாள். விடுப்பில் ஊருக்குப் போகிற வழியில் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். மூன்று வாரம் வைத்துக்கொண்டார்கள். பெரிய டாக்டர் எனக்கு விளக்கினார். நாம் சாப்பிடுகிற சோறெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஓடுகிறது. அந்தச் சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொள்ள இன்சுலின் என்ற சுரப்பு வேண்டும். இவளுக்கு அது சுரப்பது நின்றுவிட்டது. இனிமேல் ஆயுள் முழுக்க ஊசி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

"நீங்கள் படித்தவர். நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்" என்றார். அவள் அடுத்த கட்டிலில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. படித்தவர் என்று சொன்னது மட்டும் காதில் நின்றது.

கண்ணாடி சிரிஞ்ச், ஊசிகள், ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய், ஒரு பெரிய பாட்டில் நிறைய நீலத் திரவம். இவற்றோடு தீவுக்குத் திரும்பக் கப்பல் ஏறினோம். சோதனை எளிது. குழாயில் ஒரு டீஸ்பூன் நீலத் திரவம், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், விளக்கில் காட்டிக் கொதிக்கவிட வேண்டும். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். நிறத்தைப் பார்த்து மருந்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

கப்பலில் இரண்டாம் நாள் காந்திமதி சொன்னாள்: "யப்பா, முதல் ஒண்ணுக்கை எடுக்கக் கூடாதாம். அதைப் போய்ட்டு வந்து, ஒரு தம்ளர் தண்ணி குடிச்சுட்டு, அரைமணி கழிச்சு ரெண்டாவது வாரதைத்தான் பாக்கணுமாம். நர்ஸக்கா சொன்னாங்க."

"எப்ப சொன்னா?"

"நீங்க டிக்கெட்டுக்கு லைன்ல நின்னீயள்லா, அப்ப."

கப்பல் ஆபீஸ் வரிசையில் நான் இரண்டு நாள் நின்றேன். அந்த இரண்டு நாளில் யாரோ ஒரு நர்ஸ் என் மகளுக்கு உட்கார்ந்து பாடம் எடுத்திருக்கிறாள். நான் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் முதலாவது இரண்டாவது என்று ஒன்றுமில்லை.

"நர்ஸ் சொன்னதா டாக்டர் சொன்னதா, எதைச் செய்ய?" என்றேன். அவள் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால், அரைமணி நேரம் எனக்கு எங்கே இருக்கிறது? ஆறு மணிக்குச் சோதனை. ஆறு இருபதுக்கு ஊசி. அரைமணி கழித்துக் கஞ்சி. ஏழுக்கு இரண்டாவது சைரன். சைரனுக்குள் முடியாத எதையும் நான் வைத்தியமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

நான் மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க். பதினேழு வருடமாக ஆணி, போல்ட், ரம்பப் பட்டை என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அட்டை எழுதி வைக்கிறவன். அதே மாதிரி ஒரு நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, தேதி, நிறம், மருந்தின் அளவு என்று எழுதினேன். இன்சுலின் பாட்டிலை ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் புதைத்து, பானையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிழலில் வைத்தேன். சிரிஞ்சை அவள் தொடக்கூடாது. உடைந்தால் அடுத்த கப்பல் வரை இல்லை. மனைவி செண்பகமும் தொடக்கூடாது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் நோட்டை வாங்கிப் பார்த்து, "பொண்ணு குடுத்து வச்சவ" என்றார்கள்.

இன்னொன்றும் செய்தேன். கூட்டுறவுக் கடையில் எங்கள் குடும்பத்துக்கு வருகிற சர்க்கரைப் பங்கை, பக்கத்து வீட்டு மண்டல் பாபுவின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்ணில் பட்டால்தானே பிள்ளை கேட்பாள்? நாங்கள் எல்லாரும் வெறும் தேநீர் குடித்தோம். ஒன்றரை வயது இளையவனுக்கும் வெறும் பால்தான். தியாகம் என்று என் மனதுக்குள் ஒரு நினைப்பு.

நான்கு மாதம். காலையில் குழாய் ஆரஞ்சு. மருந்தைக் கூட்டினேன். மறுநாளும் ஆரஞ்சு. மறுபடியும் கூட்டினேன். "யப்பா, எனக்கு கைகால் நடுங்குது. குறைச்சுப் போடுங்க" என்று அவள் சொன்ன காலைகள் உண்டு. குழாயை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, "இதைப் பாரு. இது பொய் சொல்லுமா, நீ பொய் சொல்லுதியா?" என்று கேட்டேன். ஊசிக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு பயம் போய், இனிப்பு தின்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். பழகிக்கொண்டாள் என்று நோட்டில் எழுதாத குறைதான்.

அன்றைக்கும் ஆரஞ்சுதான். நான்கு யூனிட் கூட்டிப் போட்டிருந்தேன்.

அவள் சாய்ந்ததும் செண்பகம் அடுக்களைக்கு ஓடினாள். மேல் பலகையில் அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். அப்படியே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக மண்டல் வீட்டுக்கு ஓடினாள். ஆள் கூப்பிட ஓடுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். சர்க்கரை அளவு கடந்தால் மயக்கம் வரும், கவனிக்காவிட்டால் உயிர் போகும் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லியிருந்தார். குழாய் இன்னும் ஜன்னலில் ஆரஞ்சாக நின்றது. நான் மணல் பானையில் கையை விட்டு மருந்தை எடுத்தேன். இன்னொரு ஊசி போடுவதற்காக.

செண்பகம் ஒரு தம்ளரில் இளநீரோடு திரும்பி வந்தாள். மண்டல் வீட்டிலும் சர்க்கரை இல்லை; பதினைந்து நாளாகக் கப்பல் வரவில்லை, கடையிலேயே இல்லை. அதனால் வாசலில் வெட்டி வைத்திருந்த இளநீரைக் கொடுத்திருக்கிறார்கள். காந்திமதிக்கு அப்போது முழு மயக்கம் இல்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. கொடுத்திருந்தால் விழுங்கியிருப்பாள்.

"சர்க்கரை ஏறிக் கிடக்கா, நீ இனிப்புத் தண்ணியா குடுக்க?" என்று தம்ளரைத் தட்டிவிட்டேன்.

அந்தத் தம்ளர் உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. அதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். செண்பகம் யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரை என்னிடம்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு மீதியை எழுதினால் இந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு?

இரண்டாவது சைரன் ஊதியது. சத்தம் கேட்டு வந்த மண்டல் பாபு, என் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்து, "பஹலே டிஸ்பென்சரி சலோ" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். முதலில் டிஸ்பென்சரி, பிறகு உன் ஊசி. காந்திமதியை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். நான் ஒரு கையில் நாற்காலிக் காலையும் மறு கையில் சோதனைக் குழாயையும் பிடித்திருந்தேன்.

டிஸ்பென்சரியில் அன்று டாக்டர் இல்லை. கம்பவுண்டர் ராம்சரண்தான். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் பாட்டன் காலத்திலிருந்து இங்கேதான். அதுவரை அவரை மருந்து கலக்கித் தருகிற ஆள் என்று மட்டும் நினைத்திருந்தேன். நான் குழாயை நீட்டி, "சர்க்கரை ஜாஸ்தி, இன்சுலின் போடணும்" என்று தெரிந்த ஹிந்தியில் கத்தினேன். அவர் குழாயை வாங்கவே இல்லை. காந்திமதியின் கழுத்தில் கை வைத்தார். சட்டை முதுகைத் தொட்டார். கையை என் கண் முன்னால் காட்டினார். நனைந்திருந்தது.

"பாபுஜி, டியூப் கோ சோடோ. லட்கி கோ தேக்கோ."

குழாயை விடு, பெண்ணைப் பார்.

அவர் பிறகு போர்ட் பிளேருக்கு லாஞ்ச் படகில் போகும்போது எனக்குப் புரிய வைத்தார். சர்க்கரை ஏறி வரும் மயக்கத்தில் தோல் காய்ந்து கிடக்கும், நாக்கு வறளும், மூச்சில் ஒரு வாடை வரும், அது மணிக்கணக்கில், நாள் கணக்கில் மெல்ல வரும். சர்க்கரை இறங்கி வரும் மயக்கத்தில் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். நிமிடங்களில் ஆளைச் சாய்க்கும். முதலாவதற்கு இன்சுலின். இரண்டாவதற்குச் சர்க்கரை. மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. என் பையில் இருந்த சிரிஞ்சைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அவரிடம் இரண்டு குளுக்கோஸ் ஆம்பூல் இருந்தன. இரண்டையும் நரம்பில் ஏற்றினார். காந்திமதி கண்ணைத் திறந்தாள். செண்பகம் "யம்மா!" என்று கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. வாயின் வலது ஓரம் கீழே தொங்கியது. வலது கையைத் தூக்கி வைத்தால் விழுந்தது. மறுபடியும் கண் மூடிக்கொண்டது.

ராம்சரண் ஒயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பச் சொல்லிவிட்டு, மில் மானேஜர் பங்களாவிலிருந்து ஒரு பொட்டலம் சர்க்கரை வாங்கி வரச் செய்தார். மில் லாஞ்சில் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டோம். இளையவனுக்கு அம்மை போட்டிருந்தது, செண்பகத்தால் வர முடியவில்லை. படகுத்துறையில் அவள் நின்றதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் ராம்சரண், ஈரப் பஞ்சில் சர்க்கரைப் பாகைத் தொட்டுத் தொட்டு அவள் ஈறில் தடவிக்கொண்டே வந்தார். நான்கு மாதமாக என் வீட்டில் நுழைய விடாத பொருள்.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு வெளியே ஒரு நீண்ட பெஞ்ச். ஆண்கள் பார்வை நேரத்தில்தான் உள்ளே போகலாம். மீதி நேரமெல்லாம் அந்த பெஞ்சில். முதல் இரண்டு நாள் அவளுக்கு நரம்பில் குளுக்கோஸ் ஓடியது. ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் எடுத்தார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். மூளையில் காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்ய அது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

மூன்றாம் நாள் அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். குழந்தை பேசுவது போல இருந்தது. புரியவில்லை. "தண்ணியா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டி, மறுபடியும் சொன்னாள். மறுபடியும் புரியவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்த பெஞ்சில்தான் முத்தம்மாவைப் பார்த்தேன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் இட்லிக் கடை. என் வயதுதான் இருக்கும். ஆறு வருடமாகச் சர்க்கரை, வாரம் ஒருநாள் மருந்து வாங்க வருவாளாம். ஒரு சிறிய தகர டப்பியைத் திறந்து என் முன்னாலேயே சிரிஞ்சைத் துடைத்துச் சரிபார்த்தாள்.

"யார் போட்டுவிடுவா?" என்று கேட்டேன்.

"எவன் போடுவான்? நாந்தேன். எம்புருசன் இதைத் தொட்டா, அவன் தொடையில குத்திப்புடுவேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"படிக்கத் தெரியுமா?"

"கலரு பாக்க எதுக்கு சார் படிப்பு? கண்ணு போதாதா? கோடு எண்ணத் தெரியும். மாவாட்டுற அன்னிக்கு ரெண்டு கோடு கம்மி. ஆட்டுனா உடம்பு தானா சக்கரையத் தின்னுபுடும். இதை எந்த டாக்டரு எங்கூட உக்காந்து மாவாட்டிக் கண்டாரு? நாந்தேன் ரெண்டு தடவை விழுந்து கண்டுக்கிட்டேன். அப்புறம் அவர்ட்ட சொன்னேன். சரிதான்னு சீட்டுல எழுதிக்கிட்டாரு." முந்தானையில் முடிந்திருந்த ஒரு சிறு பொட்டலத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது சக்கரை. தாலிய மறந்தாலும் இதை மறக்க மாட்டேன். ஆமா, பையில ஊசிப் பொட்டி தெரியுதே, உங்களுக்கு எவ்வளவு நாளா?"

"எனக்கு இல்ல. என் மகளுக்கு."

"வெவரம் தெரிஞ்ச புள்ளைதான?"

"பதினாலு."

"பின்ன ஊசி அவகிட்ட இல்லாம உங்க பையில என்ன செய்யுது?"

கேலியாகத்தான் கேட்டாள். நான் பையை என் பக்கம் இழுத்துக்கொண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் தூக்குவாளியிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து இலையில் வைத்து என் பக்கம் தள்ளினாள். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் டாக்டர் என்னைக் காந்திமதியின் கட்டிலருகே அழைத்தார். வங்காளி, இளைஞர், நிதானமாக ஹிந்தி பேசுவார். நோட்டை நீட்டினேன். அதைக் காட்டத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன் போல. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மிகச் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். பிறகு கேட்டார்: "நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, கோபம். இதெல்லாம் எந்தப் பக்கத்தில்?"

"அது எழுதவில்லை."

"அவள் சொல்லவில்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வார்டு சிஸ்டர் லீலாம்மா குறுக்கே வந்தார். மலையாளம் கலந்த தமிழில் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். "அப்பா கொஞ்சம் மிண்டாதிருக்கணும். மோளு சொல்லட்டே."

காந்திமதி சொன்னாள். மெல்ல, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி. அன்றைக்கு எனக்குப் புரிந்தது. மூன்றாம் நாள் அவள் சொல்லப் பார்த்ததும் இதுதான் என்பதும் புரிந்தது. "ரெண்டாவது... ஒண்ணுக்கு... பாக்கணும். அப்பாகிட்ட... சொன்னேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"உங்க வீட்டில் மழைத்தண்ணி பிடிக்க டிரம் உண்டோ?" என்று கேட்டார்.

"உண்டு."

"ராத்திரி முழுக்கப் பெய்த மழை காலையில் டிரம்மில் நிக்கும். டிரம்மைப் பார்த்துட்டு, இப்போ மழை பெய்யுதுன்னு குடை எடுப்பீங்களா? அதுபோலத்தன்னே. முதல் மூத்திரத்தில் இருக்கிறது ராத்திரிச் சர்க்கரை. காலையில் ரத்தத்தில் என்னன்னு அது சொல்லாது. அதைக் கொட்டிக் களைஞ்சிட்டு, அரைமணி கழிச்சு வருகிறதைப் பார்க்கணும்."

என் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. அட்டையில் எழுதிய எண்ணிக்கையும் பெட்டியில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால் பெட்டியைத் திறந்து எண்ண வேண்டும். அட்டையை நம்பக்கூடாது. புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவன் நான்.

டாக்டருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு மருந்து உள்ளே போயும் ராத்திரியில் இத்தனை சர்க்கரை எப்படி ஏறுகிறது? "சாயங்காலம் என்ன சாப்பிடுகிறாள்?" என்றார்.

"எங்கள் வீட்டில் சர்க்கரையே கிடையாது டாக்டர் சாப். பங்கையே எழுதிக் கொடுத்துவிட்டேன்."

அவர் காந்திமதியைப் பார்த்தார். காந்திமதி ஜன்னலைப் பார்த்தாள்.

அன்று முதல் அவர்கள் என்னிடம் பேசுவது குறைந்தது. சிஸ்டர் காலையில் நேராக அவளிடம் போய், "இன்னைக்கு உடம்பு என்ன சொல்லுது?" என்று கேட்பார். பிறகுதான் குழாய். இடது கையால் எப்படி ஊசியைப் பிடிப்பது, தொடையில் எந்த இடத்தில் நேற்றுப் போட்டோம், இன்று எங்கே போடலாம், பள்ளிக்கூடப் பையில் எவ்வளவு சர்க்கரை வைத்திருக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது. ஒவ்வொன்றையும் அவளிடம் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தார். அவள் குழறிக் குழறிச் சொல்லும்போது நான் எடுத்துக் கொடுக்க முயன்றேன். சிஸ்டர் விரலை உதட்டில் வைத்தார். ஒரு தடவை அவள் தானாகவே, "இன்னைக்கு... ரெண்டு குறைக்கலாமா, சிஸ்டர்? இப்பவே வேர்க்குது" என்று கேட்டாள். சோதித்தார்கள். இரண்டாவது சிறுநீர் நீலம். அவள் சொன்னது சரி.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் நோட்டை எடுத்துப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். நான்கு மாதமாக இந்தப் பெண் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கையைப் பற்றி டாக்டர் சொன்னார்: வாய் நேராகும், பேச்சு வரும். கை பெரும்பாலும் வரும். விரல்கள் முழுதாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது. மூளைக்குச் சர்க்கரை கிடைக்காத நேரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. எவ்வளவு நேரம் இருக்கும் என்று என்னிடமே கேட்டார். ஆறு ஐம்பதிலிருந்து கணக்குச் சொன்னேன். தம்ளர் உருண்ட நேரத்தைச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் முற்பகல், டாக்டரும் சிஸ்டரும் கட்டிலருகே நிற்கும்போது, செண்பகம் வந்தாள். லாங் ஐலண்டுக்கு அன்றுதான் கப்பல் வந்து திரும்பியிருந்தது. இளையவனை மண்டல் வீட்டில் விட்டுவிட்டு, துணிப்பையோடு படகுத்துறையிலிருந்து நேராக வந்திருந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். காந்திமதியின் வலது கையை எடுத்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். சுண்டு விரல் மடங்கவில்லை. அதைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

பிறகு பையிலிருந்து அந்தப் பால்பவுடர் டப்பாவை எடுத்து டாக்டரின் முன்னால் வைத்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது. சிஸ்டர் சொல்லிச் சொல்லிப் போனார்.

"நாலு மாசமா தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே இவ நடுங்கிட்டுத்தான் வருவா. நான் இதுலேருந்து நாலு கரண்டி கரைச்சுக் குடுப்பேன். சமயத்துல ஆறு. எவ்வளவுன்னு எனக்கு யாரு சொன்னா? எங்க பங்கை இவரு மண்டல் வீட்டுக்கு எழுதிக் குடுத்தாரு. அந்த வீட்டம்மாதான் எனக்குப் பின்வாசல் வழியா திருப்பித் தந்தா. முந்தின நாள் டப்பாவைச் சுரண்டிக் குடுத்தேன். மறுநாள் காலையில ஒண்ணுமில்ல."

டாக்டர் மெல்லத் தலையசைத்தார். அவருடைய சந்தேகம் தீர்ந்தது. நான் மருந்தைக் கூட்டினேன், அவள் நடுங்கினாள், செண்பகம் பயந்து அளவு தெரியாமல் இனிப்புக் கொடுத்தாள், அது ராத்திரியில் இறங்கிக் காலையில் என் குழாயில் ஆரஞ்சாக நின்றது, நான் மருந்தைக் கூட்டினேன். ஒரே கூரைக்குக் கீழே நானும் செண்பகமும் ஒருவர் அறியாமல் ஒருவர் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீய? மண்டல் வீட்டுச் சர்க்கரையையும் நிறுத்தியிருப்பீய."

செய்திருப்பேன்.

கட்டிலுக்குக் கீழே இருந்த என் பையை அவளே திறந்தாள். சிரிஞ்ச் பெட்டியை எடுத்துக் காந்திமதியின் மடியில் வைத்தாள். காந்திமதி இடது கையை அதன் மேல் வைத்து மூடிக்கொண்டாள். நான் ஏதோ சொல்ல வந்தேன். இடது கையால் அவளுக்குச் சரியாக வராது, சிரிஞ்ச் உடைந்தால் வேறு இல்லை, இந்த மாதிரி ஏதோ.

செண்பகம் என் பக்கம் திரும்பினாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கை சரியாகுத வரைக்கும் நான் பிடிச்சுக்கிடுதேன். எத்தனைன்னு அவ சொல்லுவா. நீங்க மில்லுக்குப் போங்க, சைரன் ஊதிடும்."